ராஜையாவின் விளையில் விழுந்த பேச்சு

1994 ஜூன் ஆறாம் தேதி திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு, பனச்சமூட்டிலிருந்து ஒன்றரை மைல் தெற்கே கல்லுவிளையில் ராஜையாவின் வீட்டுக் கூரைமேல், பாதி வழியில் தவறிப்போன டெலிபோன் பேச்சுகள் உதிர ஆரம்பித்தன. முதல் நாள், அரிசி அளக்கும் நாழியால் ஒன்றரை நாழி விழுந்தது. மறுநாள் மழை பிடித்ததால் இரண்டேகால் நாழி. அந்த வாரம் சந்தையில் சாளைமீன் மலிவாகவும் நேந்திரங்காய் விலை கூடுதலாகவும் இருந்தன. ராஜையாவின் மனைவி ரத்னபாய் ஆலங்கட்டி மழை என்று நினைத்து, காயப்போட்டிருந்த குருமிளகை அள்ளி உள்ளே வைத்துவிட்டு, துடைப்பத்தோடு வெளியே வந்தாள். முற்றத்தில் கிடந்தவை புளியங்கொட்டை அளவு மணிகள். தொட்டால் இளஞ்சூடாக இருந்தன. மலையாளத்தில் சொன்னவை கொஞ்சம் உருண்டை, தமிழில் சொன்னவை கொஞ்சம் தட்டை. இரண்டையும் கலந்து சொன்னவை பயறுபோல் நடுவே கோடு விழுந்திருந்தன. அந்தப் பக்கத்தில் எல்லாரும் கலந்தே பேசுவதால் முக்கால்வாசி மணிகளில் கோடு இருந்தது.

காரணம் பெரிதல்ல. பாறசாலைப் பக்கமிருந்து பனச்சமூட்டுக்குப் போகும் கம்பி ராஜையாவின் வீட்டைச் சுற்றியுள்ள விளையில் அயனிமரத்தை ஒட்டி நிற்கும் கம்பத்தில் ஒரு வளைவு எடுக்கும். முந்தைய வருடத்து மழையில் கம்பம் சாய்ந்ததால் அந்த வளைவு இன்னும் முறுகிவிட்டது. வளைவில் வேகமாகத் திரும்பும் லாரியிலிருந்து தேங்காய் சிந்துவதில்லையா, அதுபோல்தான் இது. மணியைக் காதோடு வைத்தால் பேசியவரின் குரலிலேயே ஒரே ஒரு முறை பேசும். பேசி முடித்ததும் உமியாகிவிடும். மற்றபடி தொந்தரவு இல்லை. ரத்னபாயின் சாம்பல் கோழி ஒன்றைக் கொத்தி விழுங்கிவிட்டு ஒரு ஆண்குரலில் "பின்ன நான் வச்சிடட்டா?" என்று கேட்டது. ரப்பர் மரத்தின் சிரட்டையில் விழுந்து பாலோடு உறைந்துபோன இரண்டு மணிகள், ஷீட்டை உருளையில் அழுத்தும்போது "ஹலோ, ஹலோ" என்றன. பேசும் ஷீட்டை நாலாம் தரத்துக்குமேல் எடுக்க முடியாது என்று வியாபாரி சொன்னார். அது நியாயம்தான் என்று ராஜையாவும் ஒத்துக்கொண்டார்.

ராஜையாவுக்கு அப்போது ஐம்பது வயது. காலையில் ரப்பர் பால் வெட்டுவார். சனிக்கிழமைகளில் மிஷன் சபைக்காகப் பிடியரிசி சேர்ப்பார். உலையில் அரிசி இடும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு பிடியைத் தனியே சபைப் பானையில் போட்டுவைப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை ராஜையா சாக்கோடு போய் அதை வாங்கி வருவார். பதினாறு வருடமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. கர்த்தர் ஒருவனுடைய முற்றத்தில் ஒன்றைப் போட்டால் அது பெருக்கித் தள்ளுவதற்காக இராது என்பது அவருடைய எண்ணம். அந்த வாரம் ஒரு துணிப்பையில் மணிகளைக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு பிடியரிசிக்குப் போனார். மூன்றாவது வீட்டு வாசலில் பைக்குள் ஏதோ சுட்டது. எடுத்துப் பார்த்தார். ஒரே ஒரு மணி மட்டும் அப்போதுதான் வறுத்த கடலைபோல் கொதித்தது. அந்த வீட்டு அம்மாளிடம் கொடுத்தார். அவள் காதில் வைத்தாள். சூரத்திலிருந்து அவளுடைய தங்கை, "அக்கா, உனக்க சத்தம் கேட்டாலே மதி எனக்கு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அம்மாள் அன்று இரண்டு பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள்.

விழுந்த பேச்சு யாருக்குச் சொந்தம் என்று ஊரில் ஒரு விவாதம் நடந்தது. வேலிக்கு இப்புறம் விழுந்த மாங்காயும் மரத்துக்காரனுக்குத்தான் என்பது அங்கே சம்பிரதாயம். அதன்படி பேசியவனுக்குச் சொந்தம் என்றார்கள் சிலர். பேசியவன் வேண்டாம் என்றுதானே வாயிலிருந்து வெளியே விட்டான், ஆகவே கேட்க வேண்டியவனுக்குத்தான் என்றார்கள் மற்றவர்கள். மணி யார் வாசலில் சுடுகிறதோ அவர்களுக்கு என்று ராஜையா முடித்துவைத்தார். அதற்குப் பிறகு இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்க்காமல் எல்லா வாசலுக்கும் போனார். தனுவச்சபுரத்துப் பொன்னப்பன் நான்கு மாதமாகத் தம்பியோடு பேசாமல் இருந்தார். 'நான் வரமாட்டேன்' என்று போனில் தம்பி சொன்னதுதான் காரணம். ராஜையா கொண்டுபோன மணியில் 'இந்த ஆழ்ச்ச மட்டும்' என்று மெதுவாக இருந்தது. தம்பி வரமாட்டேன் என்றது அந்த ஒரு வாரத்துக்குத்தான். அன்றைக்கே பொன்னப்பன் பஸ் ஏறினார். உலகத்துச் சண்டைகளில் பாதி, பேச்சின் பாதி வழியில் விழுந்துபோவதால் வருகிறது என்று ராஜையா அப்போது நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு முறை தவறு நேர்ந்தது. ஊரில் விலாசினி என்பவளுக்கு அவர் கொண்டுபோன மணி, அவளுடைய நாத்தனார் போனை வைக்கும்முன் முணுமுணுத்த வசவு. விலாசினி துடைப்பத்தை எடுத்தாள்.

"எலே ராஜையா, காலத்தே வந்து வாசல்ல நின்னு என்னைப் பன்னின்னு விளிக்கியா?"

"நான் விளிக்கல்ல விலாசினி. கொண்டுவந்தேன், அவ்வளவுதான்."

"கொண்டுவந்தவன் அத வழியில போட்டுட்டு வரப்படாதா?"

காதில் வைக்காமல் உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாது, வைத்தால் பிறகு உரியவருக்கு ஒன்றும் இராது. இதற்கு என்ன செய்வதென்று ராஜையா ஒரு வாரம் ஜெபம் செய்தார். அடுத்த சனிக்கிழமை முதல் ஒவ்வொரு மணியோடும் ஒரு நாரங்கா மிட்டாய் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். செய்தி கசப்பாக இருந்தாலும் வாய் இனிப்பாக இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. விலாசினிக்கு மட்டும் இரண்டு.

1996 ஜனவரியில், தலைநகரில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஸ்வப்னா என்ற நெய்யாற்றின்கரைப் பெண் ஒரு பெட்டி நிறையக் கருவிகளோடு வந்து இறங்கினாள். கம்பியால் பின்னப்பட்ட தகவல் தொடர்பின் தரம், அதன் பாதுகாப்பு, அதைப் பயன்படுத்துவோர் என்று அவளுடைய ஆய்வுக்கு மூன்று பாகம். தவறிப்போகும் பேச்சு வேறெங்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை, இங்கே நாழியால் அளக்கலாம் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். ராஜையாவின் மகள் லிஷாவின் அறையிலேயே அவளும் தங்கினாள். பகலெல்லாம் கேள்வித்தாளோடு நடந்தாள். பனச்சமூட்டில் டெலிபோன் பூத் வைத்திருந்த ரெத்தினதாஸிடம், சேவையின் தரம் ஐந்தில் எத்தனை என்று கேட்டாள்.

"அஞ்சுக்கு அஞ்சாக்கும் மக்களே. கேக்கது மட்டுந்தான் இல்ல."

"கேக்காம பின்ன எப்படி அஞ்சு?"

"மணி நல்லா அடிக்குதில்லா."

உங்கள் பேச்சைப் பிறர் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் உண்டா என்ற கேள்விக்கு, கேட்டால் நல்லது, தனக்கு மறந்ததை அடுத்த நாள் அவர்களே ஞாபகப்படுத்துவார்கள் என்று விலாசினி பதில் எழுதினாள். ஸ்வப்னா எல்லாவற்றையும் அப்படியே குறித்துக்கொண்டாள். மணிகளின் சூட்டை வெப்பமானி வைத்து அளந்தாள். உரியவரை நெருங்க நெருங்க நூறு அடிக்கு ஒரு டிகிரி ஏறியது. மூன்று மாதத்தில் அவள் கண்டுபிடித்தது இது: நூறு பேச்சில் பதினேழு விழுகிறது. உரக்கச் சொன்ன எதுவும் விழுவதில்லை. ஏச்சு, அதட்டல், கணக்குக் கேட்பது எல்லாம் ஒரு எழுத்துக் குறையாமல் போய்ச் சேருகின்றன. மெல்லச் சொன்னவையே விழுகின்றன. மணியை வாங்கிக்கொண்டவர்களைக் கேட்டதில், அவற்றில் பெரும்பாலும் அன்பான பேச்சு. மனிதர்கள் அன்பை மெதுவாகச் சொல்லும் வழக்கமுள்ளவர்கள், ஆகையால் எவ்வளவு நல்ல கம்பி போட்டாலும் முதலில் சேதமாவது அதுதான் என்று எழுதினாள். அவளுடைய பேராசிரியர் படித்துவிட்டு, நாழி ஓர் அளவையல்ல, இந்த அத்தியாயத்தைக் கடைசியில் பின்னிணைப்பாகப் போடு என்று சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் லிஷாவுக்கு அதியன்னூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் சஜன், பஹ்ரைனில் எலெக்ட்ரீஷியன். வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்தார்கள், போட்டோ போனது, போட்டோ வந்தது, எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் பெண்ணிடம் தானே ஒரு வார்த்தை கேட்காமல் நிச்சயம் செய்யக்கூடாது என்று சஜன் எழுதிவிட்டான். ராஜையாவின் வீட்டில் பேச்சு விழுந்ததே தவிர போன் கிடையாது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, சஜனுக்கு விடுமுறை நாள், மாலை மூன்று மணிக்கு ரெத்தினதாஸின் பூத்துக்கு அழைப்பது என்று ஏற்பாடு. அன்று பூத்தில் ஒன்பது பேர் வேலையில்லாமல் நின்றார்கள். லிஷா கண்ணாடிக் கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். சஜன் தன்னைப்பற்றிக் கொஞ்சம் சொன்னான். பிறகு, "ஒனக்கு சம்மதமா?" என்று கேட்டான். லிஷா பதில் சொன்னாள். ஒன்பது பேருக்கும் கேட்கவில்லை. சஜனுக்கும் கேட்கவில்லை. அவன் மூன்று முறை ஹலோ என்றான், பிறகு அவனுடைய கார்டில் நேரம் முடிந்துவிட்டது. மே மாதம் அவன் தன் அம்மாவுக்கு, பெண் பதில் பேசவில்லை, விருப்பமில்லாத பிள்ளையை நெருக்க வேண்டாம் என்று எழுதினான். அதியன்னூர்க்காரர்கள் தனுவச்சபுரத்தில் வேறு பெண் பார்க்கத் தொடங்கினார்கள். சஜனுக்கு ஜனவரியில் லீவு. அதற்குள் ஏதோ ஒரு கல்யாணம் நடந்தாக வேண்டும்.

ராஜையா மகளிடம் கேட்டார். "மக்களே, நீ என்ன சொன்ன?"

"சொல்லவேண்டியவங்களுக்க கிட்ட சொல்லியாச்சுப்பா."

"அவனுக்குக் கேக்கல்லியே. ரெண்டு வரி எழுதிப் போடப்படாதா?"

"ஒருக்கச் சொன்னத ரெண்டாமது சொன்னா அது வேறயாக்கும். அது அப்பம் வந்த சொல்லு."

சம்மதமா இல்லையா என்பதையாவது சொல் என்று ரத்னபாய் அழுதாள், ஏசினாள், இரண்டு நாள் சோறு வடிக்காமல் இருந்தாள். லிஷாவே வடித்தாள். ஒருமுறை விலகிப்போன சம்பந்தத்தைப் பெண் வீட்டார் வலியப்போய்த் திரும்பக் கேட்பது அந்தப் பக்கத்தில் வழக்கமும் இல்லை. ஆனால் லிஷா மெலிந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆனால் அயனிமரத்துக்கடியில் போய் நின்றாள். அதை ராஜையா மட்டும் கவனித்தார்.

அவள் சொன்ன பதில் எங்கே இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த வாசலிலும் சுடாத மணிகளை ராஜையா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மேலே 'வெளிநாடு' என்று எழுதி வைத்திருந்தார். அதில் அப்போது நானூற்றிப் பன்னிரண்டு இருந்தது. அவற்றில் ஒன்று லிஷாவின் பதில். எது என்று சூட்டை வைத்து அறிய வேண்டுமானால் சஜன் பக்கத்தில் இருக்க வேண்டும். ரத்னபாய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றாள்.

"கடைசியிலயாவது வருமில்லா? என்ன சொன்னான்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி."

"உள்ளதெல்லாம் ஊராளுக்க பிள்ளையளுக்குள்ளதாக்கும் ரத்னம்."

"எனக்க பிள்ளைக்க காரியம் இது."

"ஒனக்க பிள்ளைக்க ஒரு சொல்லுக்காவ நானூத்திப் பதினோரு பேருக்கத எடுத்துத் தின்னப்படாது. சபை அரிசியில நாம கை போடுவோமா?"

ரத்னபாய் டின்னை மூடினாள். மூடிய பிறகும் வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தாள். அன்று ராஜையாவுக்கும் கை அரித்தது உண்மை. அவர் எழுந்துபோய், வெட்ட வேண்டாத ஒரு மரத்தில் பால் வெட்டினார்.

செப்டம்பரில் ராபின்சன் லீவு முடிந்து பஹ்ரைனுக்குத் திரும்பினான். வெள்ளறடைக்காரன், சஜனின் கம்பெனி ஆள், அதே கேம்ப்பில் தங்குகிறவன். ராஜையா டின்னை அவன் கையில் கொடுத்தார். ஸ்வப்னா நாலு மணி நேரம் செலவழித்து ஒவ்வொரு மணியையும் இலவம்பஞ்சில் தனித்தனியே பொதிந்து, குலுங்கிப் பேசிவிடாதபடி கட்டிக்கொடுத்தாள். நேந்திரங்காய் வறுத்த உப்பேரிக்கும் மாங்காய் ஊறுகாய்க்கும் நடுவே டின் வைக்கப்பட்டது. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்த அதிகாரி இது என்ன என்று கேட்டார். ராபின்சன் பொய் சொல்லத் தெரியாதவன், "சார், இது பேச்சாக்கும்" என்றான். அதிகாரி ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அது அவர் விரலைச் சுட்டது. பம்பாயில் பத்து வருடம் வேலை பார்த்து அந்த வாரம்தான் மாறுதலாகி வந்தவர் அவர். காதில் வைத்துக் கேட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, டின்னைத் தன் கையாலேயே மூடி, வரிசையில் நின்றவர்களிடம் வழிவிடச் சொன்னார். பாதுகாப்பு பற்றிய பாகத்தில் ஸ்வப்னா இதை மூன்று வரியில் எழுதியிருக்கிறாள்.

கேம்ப்பில் நடந்ததை ராபின்சன் பிறகு கடிதத்தில் எழுதினான். வெள்ளிக்கிழமை காலை ஒரு கட்டிலில் பேப்பர் விரித்து மணிகளைக் கொட்டியபோது இருபத்தாறு பேர் இருந்தார்களாம். கையை மேலே ஆட்டிப் பார்த்து, சுடுவதை எடுத்துக்கொள்ளச் சொன்னானாம். அரை மணி நேரத்துக்குப் பிறகு, சினிமாவில்கூட அழாத ஆட்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்களாம். மிஞ்சியதைப் பக்கத்துக் கேம்ப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். சஜனுக்கு இரண்டு சுட்டது. ஒன்று அவனுடைய அம்மா, "குடைய மறக்காத மக்கா" என்று மட்டும் இருந்தது. பஹ்ரைனில் மழையே அபூர்வம். மற்றதைக் காதில் வைத்தவன் சிரித்தான், பிறகு கட்டிலில் உட்கார்ந்தான், பிறகு செருப்புப் போடாமல் வெளியே ஓடினான் என்று ராபின்சன் எழுதியிருந்தான். அது என்னவென்று எல்லாரும் கேட்டும் அவன் சொல்லவில்லையாம்.

சஜன் ஓடியது டெலிபோனுக்கு. ரெத்தினதாஸின் பூத்தில் மணி அடித்தபோது லிஷா அங்கே இல்லை. ரெத்தினதாஸ் வாசலுக்கு வந்து, சந்தைக்கு வந்திருந்த ராஜையாவைக் கைதட்டி அழைத்தார். ராஜையா ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் சஜன், இந்த முறை ஒரு எழுத்தும் விழுந்துவிடக்கூடாது என்று முடிவு செய்தவனாய், தொண்டை கிழியக் கத்தினான். பூத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டது.

"மாமா! அவகிட்ட சொல்லுங்க! இல்ல, அன்னைக்கு தின்னல்ல!"

"என்னது மக்கா?"

"தின்னல்லன்னு சொல்லுங்க மாமா! அவளுக்குத் தெரியும்!"

ராஜையா ஒன்றும் புரியாமல் வீட்டுக்கு நடந்தார். வாக்கியம் மறந்துபோகாமலிருக்க வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். லிஷா முற்றத்தில் நின்றாள். மற்ற வாசல்களில் செய்வதுபோலவே அவளுடைய உள்ளங்கையில் ஒரு நாரங்கா மிட்டாயை வைத்துவிட்டு, "சஜன் விளிச்சான் மக்களே. இல்ல, அன்னைக்கு தின்னல்லன்னு சொல்லச் சொன்னான்" என்றார்.

லிஷா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். ரத்னபாய் சமையற்கட்டிலிருந்து அகப்பையோடு வந்தாள்.

"எடியே, அவன் சம்மதமான்னு கேக்கம்ப நீ தின்னாச்சான்னா கேட்ட?"

"காலத்தே ஆறு மணியில இருந்து போனுக்கு வரிசையில நிக்கேன்னு சொன்னாங்க அம்மா. பின்ன நான் வேற என்ன கேக்க?"

ரத்னபாய் கணவனைப் பார்த்தாள். "ஒங்கள என்னன்னு விளிச்சான்?"

"மாமான்னு."

"நல்லா கேட்டீளா?"

"பஸ்ஸுக்கு நின்னவனெல்லாம் கேட்டான்."

"பின்ன முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ரத்னபாய் உள்ளே போனாள். அன்று உலைக்கு அரிசி இடும்போது அவள் பிடியரிசிப் பானையில் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள்.

கல்யாணம் 1997 ஜனவரி மூன்றாம் வாரம் நடந்தது. தனுவச்சபுரத்துப் பெண்ணின் வீட்டாரிடம் ராஜையா தாமே போய் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் கல்யாணத்துக்கு வந்து பாயசம் நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். ஸ்வப்னாவுக்கு அடுத்த வருடம் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டைவிடப் பின்னிணைப்பு நீளமாக இருக்கிறது என்று பரிசோதகர்கள் குறிப்பு எழுதினார்கள்.

1998 மழைக்கு முன்னால் புதிய எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. கம்பங்களைப் பிடுங்கிவிட்டு, ராஜையாவின் விளைக்குள் மூன்றடி ஆழத்தில் கேபிள் புதைத்தார்கள். இனிமேல் ஒரு சொல்லும் தவறாது என்று பொறியாளர் உறுதி சொன்னார். கூரைமேல் விழுவது அன்றோடு நின்றது. அந்த வருடம் மரச்சீனி பிடுங்கும்போது, கிழங்குகளுக்கு நடுவே மண்ணோடு மண்ணாக மணிகள் வந்தன, செடி மூட்டுக்கு ஐந்தாறு வீதம். முன்பைவிடக் கொஞ்சம் சிறியவை, ஆனால் அதே சூடு. ராஜையா மம்மட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவற்றைக் கையாலேயே எடுத்து, ஒரு வட்டிலில் தண்ணீர் விட்டு மண்போகக் கழுவி, சனிக்கிழமைக்குள் உலர்வதற்காக முறத்தில் பரப்பினார். அடுத்த முறை மரச்சீனிக் கம்பு நடும்போது, மணிகளுக்கும் இடம் இருக்கட்டும் என்று மூட்டுக்கு மூட்டு அரை அடி இடைவெளி கூட்டினார்.